கிளிநொச்சியின் 44000

கேள்வி: எங்கள் தபால் குறியீடு 44000. இந்த எண்ணுக்குக் கணக்கில் ஏதும் பெருமை உண்டா? வவுனியாவில் இருக்கும் மச்சான் தன்னுடைய 43000தான் விசேஷம் என்று நிற்கிறார்.
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: மச்சானைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள். 44000ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 48. 43000க்கு வெறும் 32. உங்கள் எண்ணுக்குள் 11 இருக்கிறது. கிரிக்கெட் அணிக்குப் பரிசுப் பணமாகக் கொடுத்தால் ஆளுக்குச் சுளையாக 4000. 43000ஐயோ மூன்று சகோதரர்கள்கூடப் பங்கிட முடியாது. ஒரு ரூபாய் மிஞ்சும், அதற்கும் வேலிச் சண்டை வரும்.

ஆனால் அவர் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. 43 ஒரு முதன்மை எண். மன்னாரின் 41000இல் உள்ள 41உம் அப்படித்தான். இரண்டே வித்தியாசத்தில் நிற்கும் இத்தகைய சோடிக்கு இரட்டை முதன்மை எண்கள் என்று பெயர். அப்படிச் சோடிகள் முடிவில்லாமல் உண்டா என்பதை உலகத்தில் ஒருவரும் இன்னும் நிறுவவில்லை. (மச்சானிடம் விட்டுப் பாருங்கள், பொழுது போகும்.)

இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது முல்லைத்தீவின் 42000. சத்தமில்லாமல் 80 காரணிகளை வைத்திருக்கிறது. உங்கள் 48ஐயும் மச்சானின் 32ஐயும் கூட்டிப் பாருங்கள், அதே 80! இனிச் சண்டை பிடிப்பதென்றால் இரண்டு பேரும் சேர்ந்து முல்லைத்தீவாரோடு பிடியுங்கள்.