மலையேறிய காருக்கு எந்த ஆயில்?

எங்கள் பெரியப்பாவின் டீசல் அம்பாசடர் பாடுபட்டு உழைத்த காலத்தில் அதற்குக் கிடைத்தது பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றிய சில்லறை ஆயில். ஓட்டம் குறைந்து கொட்டகையில் நிற்கிற இந்தக் காலத்தில்தான், கடையில் இருப்பதிலேயே விலை கூடின ஃபுல் சிந்தெட்டிக் ஆயிலை அதற்கு எடுத்து நீட்டுகிறார்கள். அன்று வேறு வழியில்லை. இன்று வழிகள் ஏராளம். ஆனால் அந்த எஞ்சினுக்கு எது வேண்டும் என்ற கேள்வியை அன்று பெரியப்பா கேட்ட அளவுக்கு இன்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊரான பொட்டிப்புரத்தை வெளியூர்க்காரர்கள் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தை வைத்து அறிவார்கள். எங்களுக்கு அது மலையை ஒட்டிய மானாவாரிக் காடும், மலைக்கு அந்தப்புறம் கேரளத்து ஏலத்தோட்டமும்தான். கூலியாட்களை ஜீப்புகள் ஏற்றிப் போகும். கல்யாணம், பிரசவம், துக்கம் என்றால் பெரியப்பாவின் வாடகைக் கார். அதில் இருந்தது பழைய பிரிட்டிஷ் பிஎம்சி எஞ்சினின் வழியில் வந்த 1489 சிசி டீசல் எஞ்சின். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போனால் கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஆட்களை நெருக்கி உட்கார வைத்து, இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறும். சித்திரை வெயிலில் மெட்டைத் தொடும்போது எஞ்சினுக்குள் ஆயில் எந்தச் சூட்டில் இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த வண்டியின்மேல் மரியாதை கூடுகிறது.

அப்போதெல்லாம் ஆயில் கடை என்றால் 210 லிட்டர் பீப்பாய், அதன்மேல் கைப்பம்பு, ஒரு லிட்டர் தகர அளவை. பெரியப்பா கேட்பது ஒன்றுதான்: "டீசல் வண்டி ஆயிலு, நாப்பது." தேவாரத்து மெக்கானிக் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், டிப்ஸ்டிக்கை உருவி ஒரு சொட்டை விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால் மண் அல்லது உலோகத்தூள். நீர்த்துப் போயிருந்தால் டீசல் இறங்கியிருக்கிறது. மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மூன்றும் இன்றைக்கும் செல்லும் பரிசோதனைகள்.

ஒருமுறை, "மாத்துன நாலே நாள்ல கறுத்துப்போச்சே மாமா" என்று கேட்டேன்.

"கறுத்தாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், மாப்ள. கரியை உள்ள ஒட்டவிடாம அது தாங்கிப் பிடிச்சிருக்கு. கறுக்காத ஆயில் இருந்தா, கரி எங்க போச்சுன்னு தேடணும்" என்றார்.

டீசல் எஞ்சின் ஆயிலில் கழுவிகளும் கரித்துகளைத் திரளவிடாத சேர்மங்களும் இருப்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனாலும் அவர் சொன்னது அப்படியே சரி.

அன்றைய வழக்கம் எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். ரிங் தேய்ந்து நீலப்புகை கக்கும் வண்டிக்கு ஐம்பது கிரேடு ஆயிலை ஊற்றிப் புகையை அடக்கி விற்றுவிடுவது பல ஊர்களில் நடந்தது. கனத்த ஆயில் காலையில் பேரிங்குக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் போய்ச் சேரத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் எஞ்சின் தேயும். புகை அடங்கும், தேய்மானம் அடங்காது. பீப்பாயில் கழிவு ஆயிலை வடிகட்டிக் கலந்தால் வாங்குபவருக்குத் தெரியவும் வழியில்லை.

ஆயிலை அடிக்கடி மாற்றியதற்கு மட்டும் உறுதியான காரணம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்திய டீசலில் கந்தகம் ஒரு சதவீதம் வரை இருந்தது. அது எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி ஆயிலில் இறங்கும். அதை முறிக்க ஆயிலில் காரத்தன்மை வைத்திருப்பார்கள். அந்தக் காரம் தீர்ந்தால் அமிலம் பேரிங்கைத் தின்னும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசுத் தரம் வந்தபிறகு கந்தகத்தின் வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு. பழைய அளவில் ஆயிரத்தில் ஒன்று. பெரியப்பாவின் வண்டி உழைத்தபோது குடித்தது அந்த அமில டீசல். நல்ல டீசல் வந்தபோது அது ஓய்ந்துவிட்டது.

இன்று கடையில் பீப்பாய் இல்லை. அலமாரி நிறைய டப்பாக்கள், டப்பா நிறைய எண்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1911 முதல் ஆயிலின் பிசுபிசுப்பை எண்ணால் வகுத்து வருகிறது. 15டபிள்யூ-40 என்றால், டபிள்யூவுக்கு முந்தைய எண் குளிரில் அது எப்படி ஓடும் என்பது. பிந்தைய எண் சூட்டில் எவ்வளவு கனம் மிஞ்சும் என்பது. 0டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது உறைநிலைக்கு 35 டிகிரி கீழே. மார்கழியிலும் கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்தக் குளிர் வரப்போவதில்லை. நமக்கு முக்கியம் இரண்டாவது எண். 100 டிகிரி சூட்டில் நாற்பது கிரேடு ஆயிலின் பிசுபிசுப்பு 12.5 சென்டிஸ்டோக்குக்குக் குறையக் கூடாது. இருபது கிரேடில் அது 6.9-ஆக இருந்தாலும் போதும்.

புதிய கார்களுக்கு 0டபிள்யூ-20 பொருத்தமானதுதான். நெருக்கமான இடைவெளிகளோடும் அதற்கேற்ற ஆயில் பம்போடும் அந்த எஞ்சின்களை வடிவமைத்திருக்கிறார்கள். எரிபொருளும் மிச்சமாகும். தேய்ந்த அம்பாசடரின் பேரிங்கில் இடைவெளி அதிகம். அதில் மெல்லிய ஆயிலை ஊற்றி மெட்டேறிவிட்டு ஐட்லிங்கில் விட்டால் ஆயில் பிரஷர் விழும். இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் டேப்பெட்டின்மேல் வழுக்கி உரசும் அமைப்பு. அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மம் வேண்டும். பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ 2004-இல் கொண்டுவந்த எஸ்எம் தரம் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. புதிய காரைக் காக்கும் கட்டுப்பாடு பழைய காரின் டேப்பெட்டுக்குப் பற்றாக்குறையாகலாம்.

ஆகவே கொட்டகை அம்பாசடருக்கு நான் ஊற்றுவது 15டபிள்யூ-40, ஏபிஐ சிஐ-4 தர டீசல் ஆயில். சாதாரண மினரல் ஆயில்தான். சிந்தெட்டிக் கெடுதல் என்று சொல்லவில்லை. அதே கிரேடில் கிடைத்தால் தாராளமாக ஊற்றலாம். ஆனால் அந்தக் காசில் ஃபில்டரையும் சேர்த்து உரிய காலத்தில் மாற்றினால் எஞ்சினுக்குக் கூடுதல் நன்மை.

உரிய காலம் என்பதும் இப்போது மாறிவிட்டது. பெரியப்பா கிலோமீட்டரைப் பார்த்து மாற்றினார். நான் காலண்டரைப் பார்த்து மாற்றுகிறேன். கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. உள்ளே படியும் ஈரமும் கசியும் டீசலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். மலையேறிய வண்டியைவிட நிற்கிற வண்டிக்கு இந்தக் கவனிப்பு கூடுதலாகத் தேவை. ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

இறக்கிய ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று ஒரு சொட்டு வீணாகாது. மாட்டுக்கொட்டத் தூணுக்கும் கதவு நிலைக்கும் கரையான் ஏறாமல் பூசிவிடுவோம். அதில் உலோகத்தூளும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் இருப்பது தெரிந்தபிறகு அதைத் தொடரக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி கழிவு ஆயில் அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குத்தான் போக வேண்டும். டப்பாவில் அடைத்து, அதைச் சேர்த்து அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நம் கிணறுகளுக்கு நீர் ஊறும் மண்ணில் அதை ஊற்றவே கூடாது. காலியான புது ஆயில் டப்பாவைக் கத்தியால் கீறிவிட்டுப் போடுங்கள். போலி ஆயில் அடைப்பவர் கைக்கு அது போகக் கூடாது.

பழைய கார் வாங்கியிருக்கும் எங்கள் ஊர்த் தம்பிகள் என்னிடம் ஆயில் பெயர் கேட்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. வண்டியின் கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறது, எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இனிமேல் அது எங்கே ஓடப்போகிறது என்று திருப்பிக் கேட்கிறேன். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அலமாரியிலிருந்து சரியான டப்பாவை அவர்களே எடுத்துவிடுவார்கள். இந்த மூன்றையும் கேட்காமல் விலையை மட்டும் சொல்லும் கடையில் எந்த ஆயிலும் வாங்க வேண்டாம்.