ஆளுக்கேற்ற துப்பாக்கி

திருச்சி பாலக்கரையில் வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி சினிமாவில் மட்டும் பார்க்கிற பொருள் அல்ல. சகாயமாதா கோயிலைச் சுற்றிய தெருக்களில் பாதிப் பேர் பொன்மலை ரயில்வே பட்டறைக்கு வேலைக்குப் போனார்கள் என்றால், மீதியில் சிலர் துப்பாக்கி ஃபேக்டரிக்குப் போனார்கள். 1966-ல் தொடங்கிய மத்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலைக்கு ஊரில் அதுதான் பெயர். என் சித்தப்பா அங்கே ஃபிட்டர். வேலையைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டார். ஆனால் நான் கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்ததும், ஊரறிந்த விஷயங்களை மட்டும் எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

அப்போது ராணுவத்தின் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். ரைஃபிள். ஒரு குண்டு சுட்டதும் வாயுவின் அழுத்தத்தாலேயே அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் விசையை ஒரு முறை இழுத்தாக வேண்டும். 7.62 மில்லிமீட்டர், இருபது குண்டு மேகசின். வங்காளத்து இஷாப்பூரிலும் நம் திருச்சியிலும் செய்தார்கள். அதன் மூல வடிவம் பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் ஊரின் எஃப்.என். கம்பெனியுடையது; வடித்தவர் டியுடோனே சேவ், ஜான் பிரௌனிங்கிடம் வேலை கற்றவர். இங்கே எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். பாலக்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வரகனேரியில் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். புதுச்சேரியில் அவர் வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி கொடுத்தார். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் வாஞ்சி கலெக்டர் ஆஷ் மீது சுட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியும் அதே பெல்ஜியக் கம்பெனியில் செய்ததுதான். அரை நூற்றாண்டு கழித்து அந்தக் கம்பெனியின் ரைஃபிளை வரகனேரியிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில் நாமே செய்தோம். சித்தப்பாவுக்கு இதில் பெரிய பெருமை இருந்தது. எனக்கும் உண்டு.

ஆனால் அந்த ரைஃபிள் யாருடைய உடம்புக்காகச் செய்யப்பட்டது?

நாங்கள் சுடப் பழகியது எஸ்.எல்.ஆரில் அல்ல; .22 ரைஃபிளில். பெயர்தான் சின்னது. பிரிட்டிஷ் சிப்பாய்க்காக வந்த லீ என்ஃபீல்டின் உடம்புக்குள் சின்னக் குழலைப் பொருத்தியதுதான் அது. 45 அங்குல நீளம், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எஸ்.எல்.ஆரும் ஏறத்தாழ அதே 45 அங்குலம். நான் ஐந்தடிக்கும் குறைவு. தரையில் படுத்து, பின்கட்டையான ‘பட்’டைத் தோளில் பதித்துக் கன்னத்தைக் கட்டையில் வைத்தால், கண்ணுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் எனக்கு வராது. கழுத்தை நீட்டினால் கன்னம் கட்டையை விட்டு விலகும். இடது கை முழுசாக நீண்டுவிடும், முழங்கை மடங்கினால்தானே தாங்கும்? ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைப் பின்னால் இழுக்க, பட்டைத் தோளிலிருந்தே எடுத்தாக வேண்டும். திரும்ப வைக்கும்போது அது முன்பு இருந்த இடத்தில் உட்காராது. குண்டுகள் தாளில் ஆளுக்கொரு திசையாகப் போய் விழும். ஹவில்தார் நல்ல மனிதர். ஆனால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: “உடம்பைச் சரி பண்ணும்மா!” உயரமான பெண்கள் சுட்டுப் பதக்கம் வாங்கினார்கள். குள்ளமானவர்கள் அணிவகுப்புக்குப் போனோம். எங்களில் யாருக்குக் கண்ணும் மனசும் சுடுவதற்கென்றே அமைந்திருந்தன என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

சித்தப்பாவிடம் கேட்டேன், பட்டை ரெண்டு அங்குலம் அறுத்தால் என்ன என்று. “ராணுவத் துப்பாக்கி ஒண்ணு மாதிரிதான் எல்லாம் இருக்கணும், கண்ணு. ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் எடுத்துச் சுடணும்,” என்றார். அதில் நியாயம் இருக்கிறது. எஸ்.எல்.ஆரில் சிப்பாய் தனக்கேற்ப மாற்றக் கூடியது சைட் மட்டும்தான். பின் சைட்டை 200 முதல் 600 வரை தூரத்துக்கேற்ப நகர்த்தலாம், பக்கவாட்டில் திருகு உண்டு, முன் சைட்டைத் திருகி ஏற்றி இறக்கலாம். குண்டு விழும் இடத்தைக் குறியோடு பொருத்தி ஆளுக்காள் ‘சீரோ’ செய்து கொள்வது அவ்வளவுதான். மற்றபடி ஆள்தான் துப்பாக்கிக்குள் அடங்க வேண்டும்.

இன்று என் தம்பி மகள் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். அவளும் என் உயரம்தான். முதல் நாள் அவளோடு பயிற்சிக்கூடத்துக்குப் போய் நின்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பயிற்சியாளர் அவளிடம் ரைஃபிளைக் கொடுப்பதற்கு முன் ஒரு ஆலன் சாவியைக் கொடுத்தார். பின்தகடு முன்னும் பின்னும் மேலும் கீழும் நகரும். கன்னக்கட்டை ஏறும், இறங்கும், சாயும். கைப்பிடி திரும்பும். இடது கை தாங்கும் மேடை தாழும். விசையையே விரலின் நீளத்துக்கேற்ப முன்னால் தள்ளலாம். சைட்டுக்கு அடியில் உயர்த்தி வைக்கத் தனி மேடை. ஒரு தையற்காரர் அளவெடுப்பது போலத்தான் நடந்தது எல்லாம். அவள் கழுத்தை வளைக்கவே இல்லை. ரைஃபிள்தான் அவளிடம் வந்தது.

சைட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மாற்றம் அங்கேதான் ஆழமானது. நம் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். என் பழைய .22-ல் பின் சைட்டின் பள்ளம், முன் சைட்டின் நுனி, இருபத்தைந்து கஜத்தில் இலக்கு என மூன்றையும் ஒரு கோட்டில் கொண்டுவர வேண்டும். அதில் ரெண்டு எப்போதும் மங்கல். ஏர் ரைஃபிளின் பின் சைட் ஒரு சின்னத் துளை. வட்டத் துளைக்குள் பார்க்கும்போது கண் தானாகவே நடு மையத்தைத் தேடிக்கொள்ளும். துளை சிறுக்கச் சிறுக்கக் கிட்டத்தில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் சேர்ந்தே தெளியும். வெளிச்சத்துக்கேற்ப அந்தத் துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். முன் சைட்டிலும் வளையம்தான். அதற்குள் கறுப்பு வட்டம் உட்கார்ந்தால் குறி சரி. பூதக்கண்ணாடிச் சைட்டுக்கு இந்தப் போட்டியில் அனுமதி இல்லை. இலக்கின் மொத்த அகலம் 45.5 மில்லிமீட்டர், நடுவில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். சுடுகிற குண்டே அதைவிடப் பெரியது, 4.5 மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போய் நின்றது இந்த அரை மில்லிமீட்டருக்காகத்தான்.

ராணுவமும் மாறிவிட்டது. சித்தப்பாவின் காலத்தில் ஒரு ரைஃபிளில் கூடுதலாக எதையாவது பொருத்த வேண்டுமென்றால் அதற்கென்றே தாங்கி செய்து, துளை போட்டு, திருகு முடுக்க வேண்டும். 1995-ல் அமெரிக்க ராணுவம், துப்பாக்கியின் மேல் ஓடும் வெட்டுகளுள்ள தாங்கியான பிக்காட்டினி ரெயிலுக்கு ஒரே அளவு நிர்ணயித்தது: பத்து மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியின் சைட்டும், விளக்கும், முன்பிடியும் அந்த ரெயில் உள்ள எந்தத் துப்பாக்கியிலும் உட்காரும். 2019-ல் நம் ராணுவம் வாங்க ஒப்பந்தம் போட்ட 72,400 சிக் ரைஃபிள்களின் முதுகில் நெடுக இந்த ரெயில்தான். உத்தரப் பிரதேசத்துக் கோர்வாவில் ஆறு லட்சத்துக்கு மேல் செய்யத் திட்டமிட்ட ஏ.கே. 203-லும் அது உண்டு. அதன் பட்டை ஆளுக்கேற்ப நீட்டலாம், குறைக்கலாம். ரெயிலில் ஒரு செம்புள்ளிச் சைட்டை ஏற்றினால் இரண்டு கண்ணையும் திறந்தே குறி பார்க்கலாம். 1975-ல் ஸ்வீடனில் விற்பனைக்கு வந்த தொழில்நுட்பம் அது. புள்ளி தூரத்தில் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரிவதால், எதையும் எதோடும் வரிசைப்படுத்த வேண்டாம். என் வயதில் கிட்டப் பார்வை தளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் ஆடம்பரம் என்று சொல்லும் முன்னாள் சிப்பாய்கள் இருக்கிறார்கள். வெறும் இரும்புச் சைட்டில் சுட்டவன்தான் சுடத் தெரிந்தவன் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மத்திய ரிசர்வ் போலீஸில் முதல் மகளிர் பட்டாலியன் 1986-ல் வந்தது. அந்தப் பெண்கள் கையில் கொடுக்கப்பட்டது ஆண்களின் அளவுக்கு வடித்த ஆயுதம். நீளம் மாற்றக்கூடிய பட்டும் நகர்த்தக்கூடிய சைட்டும் அலங்காரம் அல்ல. இத்தனை காலம் விலக்கி வைத்திருந்தவர்களை உள்ளே விடுகிற கதவு.

அதே சமயம் அமெரிக்காவில் போலத் தனிமனிதர்கள் வீட்டில் அரைத் தானியங்கி ரைஃபிள் வைத்துக்கொண்டு வாரம் ஒரு உறுப்பு வாங்கி மாட்டுகிற பழக்கம் இங்கே வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1959 ஆயுதச் சட்டம் 7.62, .303 போன்ற ராணுவ ரகங்களைப் பொதுமக்களிடமிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 2019 திருத்தம் உரிமத்தில் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அது நல்லதுதான். என் ஆசை முழுக்க விளையாட்டின் பக்கமும் சீருடையின் பக்கமும்தான்.

விளையாட்டின் பக்கம் ஊர் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை 2022 ஜூலையில் பார்த்தோம். கே.கே. நகர்ப் பக்கம் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தார். அவரைப் பார்க்க அலைமோதிய கூட்டத்தை ஒதுக்கப் போலீஸ் திணறியது. பதக்கத்தோடுதான் திரும்பினார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில்கூட “ஏர் ரைஃபிள் எவ்வளவு?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். பதில் கேட்டதும் அடங்கிவிடுகிறார்கள். நல்ல ஜெர்மன் ரைஃபிள் லட்சக்கணக்கில் போகும். தம்பி மகள் சுடுவது பயிற்சிக்கூடத்தின் ரைஃபிள். அதை இன்னும் ரெண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தன் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். முறை வந்ததும் கால் மணி நேரம் திருகு தளர்த்தி, தன் அளவுக்குக் கொண்டுவந்து, பிறகுதான் சுடுவாள். “அத்தை, இது எனக்கு மட்டும்னு ஒண்ணு இருந்தா எவ்வளவு நேரம் மிச்சம்!” என்கிறாள்.

இதே ஊரில் குழலுக்குள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் சுழல்வரி வெட்டத் தெரிந்த கைகள் இருக்கின்றன. துவாக்குடியில் உலோகப் பட்டறைகள் இருக்கின்றன. இருபது ஜூலைத் தாண்டாத 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமமும் வேண்டாம். எஸ்.எல்.ஆர். செய்த ஊர் ஒரு போட்டி ரைஃபிள் செய்ய வேண்டும் என்று நான் கேட்பதில் என்ன தவறு? பின்தகடு ஐந்தடிக்குக் குறைவான பெண்ணின் தோள் வரை வரட்டும், கைப்பிடி சின்ன உள்ளங்கைக்குள் அடங்கட்டும், இடது கண்ணால் குறி பார்ப்பவளுக்கும் சைட் நகரட்டும். விலை, பாலக்கரையில் ஒரு ரயில்வே ஊழியர் தவணையில் கட்டக் கூடியதாக இருக்கட்டும். இந்த அளவுகளை எழுதித் தொழிற்சாலைக்கு அனுப்பப் போகிறேன். தம்பி மகளின் நோட்டில் எண்கள் தயாராக இருக்கின்றன.