வினையெச்சம்: மேஸ்திரி மொழிக்கு ஓர் இலக்கணக் குறிப்பு

வீடு கட்டுவது பொறியியலைச் சேர்ந்த விஷயம் என்றே இதுவரை நம்பி வந்திருக்கிறோம். வங்கியும் அப்படி நம்பித்தான் கடன் கொடுக்கிறது. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் மூன்று சென்ட் மனையில் பதினாறு மாதம் நின்ற பிறகு, அது முழுக்க முழுக்க இலக்கணத்தைச் சேர்ந்தது என்ற முடிவுக்கு இந்த ஆய்வாளர் வந்திருக்கிறார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடு ஒன்று, மேஸ்திரி ஒருவர். இதை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்று முறையியல் தெரிந்தவர்கள் கேட்கலாம். இன்னொரு வீடு கட்டிச் சரிபார்க்க அவர்கள் முன்வந்தால் மேஸ்திரியின் நம்பரைத் தரத் தயாராக இருக்கிறேன்.

முதலில் சொல்லாராய்ச்சி. மேஸ்திரி என்பது போர்த்துகீசியச் சொல். ஜன்னலும் சாவியும் அதே கப்பலில் வந்து இறங்கியவைதாம். மூன்றில் சாவிதான் கடைசியாகக் கைக்கு வருகிறது. அஸ்திவாரத்துக்குக் குழி பறிப்பதை 'வானம் தோண்டுதல்' என்கிறார்கள். பூமியில் பறிக்கும் குழிக்கு வானம் என்று பெயர் வைத்த தொழிலில் மற்றச் சொற்களை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டது என் தவறு.

இனி திணை. தமிழில் மனிதர் உயர்திணை. மேஸ்திரி மொழியில் வேலையாள் மட்டும் அஃறிணை: 'நாளைக்கு ஆள் வரும்', 'இன்னிக்கு ஆள் வரல'. 'மழை வரும்' என்பதும் இதே வாய்பாடுதான், நம்பகத்தன்மையும் ஏறக்குறைய அதே. இதற்கு நேர்மாறாக, லிண்டல் மட்டம் எழும்பியபோது சாரக் கம்பில் கட்டிய திருஷ்டி பொம்மை ஒன்று இருந்தது. என் பழைய கோடுபோட்ட சட்டை, உள்ளே வைக்கோல், தலைக்குக் கவிழ்த்த சட்டி. ஒரு நாள்கூட லீவு போடாத அது ஒன்றைத்தான் அந்த மனையில் 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.

அடுத்து காலம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் காலம் மூன்று என்கின்றன. மேஸ்திரிக்கு அது ஒன்றே. காலை ஒன்பதரைக்குப் போன் அடிக்கிறேன்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"வந்துகிட்டே இருக்கேன் சார். டோல்கேட் தாண்டிட்டேன்."

நம்பர் ஒன் டோல்கேட்டிலிருந்து என் மனைக்கு பைக்கில் கால் மணி நேரம். போனில் அவர் குரலுக்குப் பின்னால் கலவை மெஷின் கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்கிறது. என் மனையில் அன்று மெஷின் கிடையாது. 'வந்துகிட்டே இருக்கேன்' என்றால் இன்னும் கிளம்பவில்லை என்றும், 'தாண்டிட்டேன்' என்றால் வேறொரு மனையில் கான்கிரீட் ஓடுகிறது என்றும் நான் புரிந்துகொள்ள மூன்று மாதம் பிடித்தது.

இதற்கு இலக்கணத்தில் இடம் இல்லாமல் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வாசலில் கூப்பிடுகிறவரிடம் 'இதோ வந்துட்டேன்' என்றால் அது பொய் ஆகாது. விரைவின் பொருட்டுக் காலம் மாறலாம், அது வழுவமைதி என்று இலக்கணம் மன்னித்துவிடுகிறது. மேஸ்திரியின் பேச்சில் வழு இருக்கிறது. போனை வைத்த பிறகு அமைதியும் இருக்கிறது. விரைவைத்தான் காணோம்.

'முடிஞ்ச மாதிரிதான் சார்' என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். அந்த 'மாதிரி' ஓர் உவம உருபு. மேஸ்திரி முடிவுக்கு உவமை சொல்கிறார். நான் அதை முடிவென்றே எடுத்துக்கொண்டு காசோலை கிழித்தேன்.

இந்தத் தொழிலில் முக்காலத்தையும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பது சிமெண்ட்தான். தண்ணீர் பட்டபின் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிக்க வேண்டும் என்று இந்தியத் தரநிர்ணயம் அதனிடம் எழுதி வாங்கியிருக்கிறது. அதுவும் நடந்துகொள்கிறது. தளம் போட்டபின் குறைந்தது ஏழு நாள், கலப்பு சிமெண்ட் என்றால் பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சாந்தால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவார்கள். தேக்குவது யார்? வீட்டுக்காரர். அந்தப் பத்து நாளும் விடிகாலையில் ஹோஸ் பைப்போடு மொட்டைமாடியில் நின்றேன். மொத்தக் கட்டுமானத்திலும் சொன்ன தேதியில் தொடங்கிச் சொன்ன தேதியில் முடிந்த ஒரே வேலை அதுதான் என்பதை ஓர் ஆய்வாளனுக்குரிய அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

புணர்ச்சிக்கு வருவோம். மனையில் நிற்கும் வீட்டுக்காரர் நிலைமொழி. வந்துகொண்டே இருக்கும் மேஸ்திரி வருமொழி. இரண்டும் சேரும் இடத்தில் மூன்று விகாரங்கள் நிகழும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது: தோன்றல், திரிதல், கெடுதல்.

தோன்றல் பில்லில் நடக்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்த பிறகு தரைக்கடியிலிருந்து சம்ப் தோன்றும், செப்டிக் டேங்க் தோன்றும், மனையைச் சுற்றி காம்பவுண்டு சுவர் தோன்றும். ஒவ்வொன்றும் தோன்றும்போது 'அது எக்ஸ்ட்ரா சார்' என்ற குரல் முன்னால் ஒலிக்கும். சம்ப் இல்லாத வீட்டை நான் கேட்டேனா என்ன? கேட்கவில்லை. ஆனால் சம்ப் உள்ள வீட்டைக் கேட்டதாகவும் எங்கும் எழுதியில்லை.

திரிதல் பொருள்களில் நடக்கும். தேக்கு நிலை வேங்கையாகத் திரியும். 'நல்ல கம்பெனி சிமெண்ட்' என்பதில் உள்ள 'நல்ல' கடைக்காரர் கடன் கொடுக்கும் கம்பெனியைப் பொறுத்துத் திரியும். கெடுதல் சத்தமில்லாமல் நடக்கும். பரண் ஒன்று, பட்டி ஒரு கோட், ஃபிரிட்ஜ் வைக்கும் சுவரில் பிளக் பாயிண்ட் ஆகியவை என் வீட்டில் கெட்டன. பிளக் பாயிண்ட் கெட்டது தெரிந்தது ஃபிரிட்ஜ் வந்து இறங்கிய அன்றுதான்.

இந்த மூன்றும் இல்லாமல் இயல்பாகப் புணர ஒரே வழி, பேசியதையெல்லாம் எழுதிக்கொள்வது. சம்ப் எத்தனை லிட்டர், கம்பி எந்தக் கம்பெனி, நிலை எந்த மரம், எந்த அறையில் எத்தனை பாயிண்ட், வேலைக்கான கரண்ட் காசு யாருடையது என்பதுவரை எழுத வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. வழக்கென்று போனால் முதலில் கேட்பது காகிதத்தை. என்னிடம் இருந்த காகிதம் டைல்ஸ் அட்டைப்பெட்டியில் கிழித்த ஒரு துண்டு. அதில் பென்சிலால் ஒரு கூட்டல். அந்தக் கூட்டலும் தப்பு.

ஆளைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஆய்வாளர் சறுக்கிவிட்டார் என்று என் மனைவி கருதுகிறார். மேஸ்திரி முன்பு கட்டிய ஒரு வீட்டை அதன் கிரகப்பிரவேசத்தன்று போய்ப் பார்த்தேன். அன்றைக்கு எந்த வீடும் அழகுதான். இரண்டு ஐப்பசி கார்த்திகை கண்ட வீட்டுக்குப் போய் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் பாத்ரூமின் வெளிச்சுவரையும் பார்த்திருக்க வேண்டும். டைல்ஸை நாணயத்தால் தட்டியிருக்க வேண்டும். அடியில் சாந்து சேராத இடம் பானையைத் தட்டினாற்போல் சொல்லிவிடும். அந்த வீட்டுக்காரரிடம் 'வேலை எப்படி?' என்று கேட்டதும் வீண். கட்டிய வீட்டை யார் குறை சொல்வார்? கடைசித் தவணை வாங்கிய பிறகு மேஸ்திரி போனை எடுத்தாரா என்று கேட்டிருக்கலாம்.

முடிந்த வினை முற்று, முடியாமல் நிற்பது எச்சம். என் வீடு முழுக்க எச்சங்கள். 'பூசி', 'பதித்து', 'இழுத்து' என்று ஒவ்வொரு மூலையிலும் ஒரு வினை பாதியில் நிற்கிறது. காரணம் தவணையில் இருக்கிறது. அட்வான்ஸ், பேஸ்மட்டம், லிண்டல், தளம் என்று கொடுத்துத் தளம் போட்ட அன்று பெரும்பணம் போய்விடும். அதற்குப் பிறகுதான் எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ்காரர், பெயிண்டர் என்று ஆள் அதிகமாகவும் காசு கொஞ்சமாகவும் உள்ள வேலைகள் வரிசை கட்டும். மேஸ்திரியிடம் இரண்டு செட் ஆட்கள், நான்கு மனைகள். புது அட்வான்ஸ் எங்கே கிடைக்கிறதோ ஆள் அங்கே போகும். இதில் வஞ்சம் ஒன்றும் இல்லை, வெறும் கணக்கு. தளத்தோடு பையை அவிழ்த்துவிடாமல் பத்தில் ஒரு பங்கையாவது கடைசிவரை பிடித்து வைத்திருந்தால் அந்தக் கணக்கில் என் வீடும் ஓர் எண்ணாக இருந்திருக்கும். பிடித்து வைக்கவில்லை. தளம் போட்ட அன்று எல்லோருக்கும் பிரியாணி வேறு வாங்கிக் கொடுத்தேன்.

பின்பக்க சன்ஷேடு பூச வேண்டியது பாக்கி. அதற்காகக் கட்டிய சாரமும் சாரத்தில் பொம்மையும் அப்படியே நிற்க, நாங்கள் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் மேஸ்திரி தானாகவே போன் செய்தார்.

"சார், சாரக் கம்பு உங்க வீட்ல நிக்குதில்ல? லால்குடி சைட்டுக்கு வேணும். ஆள் அனுப்புறேன்."

அரை மணி நேரத்தில் ஆள் வந்தது. கயிற்றை அவிழ்த்துக் கம்புகளை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போனது. பொம்மையை மட்டும் வாசற்படியில், தலைச் சட்டி சாயாமல், சுவரோரமாக உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறது.