உருகினது போக மிச்சம்

கல்வராயன் மலையை ஆண்ட ஜாகிர்தார் பரம்பரைகளுக்கு, ஆண்ட காலத்தில் பெரும்பகுதி அதட்டி வாங்க முடியாமல் போன சாமான் ஒன்றே ஒன்றுதான்: ஐஸ். மற்றதெல்லாம் கிடைத்தது. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர். கிருஷ்ணதேவராயர் காலத்திலிருந்து வந்த உரிமை என்று சொல்லிக்கொண்டு ஆண்டார்கள். ராயர் போனார், நவாப் போனார், கும்பினி வந்து போனது, வெள்ளைக்காரன் கொடியைச் சுருட்டிக்கொண்டு கப்பலேறினான். மலைமேல் மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. 1976-இல் அரசாங்கம் ஜாகிர்களை எடுத்துக்கொள்ளும்வரை மலையாளிப் பழங்குடிகள் வரியும் கட்டினார்கள், வெட்டி வேலையும் செய்தார்கள். தேனும் கடுக்காயும் சாமையும் ஜாகிர்தார் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தன. ஆனால் சித்திரை வெயிலில் நாக்கு நீட்டினால் அதில் வைக்க ஒரு துண்டு ஐஸ் கிடையாது. மலை 2000, 3000 அடி உயரம்தான். பனி விழும், உறையாது.

டெல்லிப் பக்கத்து ஆள் அதிர்ஷ்டசாலி. அக்பர் முதலில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து அதில் குடத்தைச் சுழற்றிக் குளிர வைத்தார். வெடிமருந்தில் போடுகிற சாமானை வைத்துப் பானகம் குடித்த தைரியத்தைப் பாராட்ட வேண்டும். லாகூருக்குக் குடிபோன பிறகு, 1586 வாக்கில், மலையிலிருந்தே ஐஸ் இறக்கச் சொல்லிவிட்டார். படகில், வண்டியில், ஆள் தலையில். அதன் விலை விவரம்வரை அயினி அக்பரியில் அபுல் ஃபசல் எழுதி வைத்திருக்கிறார். வழியில் எவ்வளவு உருகுகிறதோ அவ்வளவு விலை ஏறும். சாம்ராஜ்யத்தின் பொக்கிஷம் மொத்தமும் கையில் இருந்தும், சேதாரத்தைக் குறைக்க அவரால் முடியவில்லை. நகைக்கடைக்காரருக்கு சேதாரம் லாபம். ஐஸ்காரருக்கு அது நிஜமாகவே சேதாரம்.

இந்தக் கணக்கு புரியாமலே தொழிலில் இறங்கியவர் பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் டியூடர். குளத்தில் சும்மா உறைந்து கிடக்கிற ஐஸை அறுத்து, உஷ்ண தேசத்தில் விற்றால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1806-இல் முதல் கப்பல் மார்த்தினிக் தீவுக்குப் போனது. ஐஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதை வைத்துக்கொள்ள அங்கே கிடங்கு இல்லை. நஷ்டம். ஊர்ப் பத்திரிகை நக்கல் அடித்தது. பிறகு கடனுக்காக ஜெயிலுக்கும் போனார். நம்ம ஊராக இருந்தால் மாமனார் வந்து, 'மாப்ளே, பேசாம பங்காளியோட அரிசி மண்டியில உக்காருங்க' என்று முடித்திருப்பார். பாஸ்டன் மாமனார்கள் அவ்வளவு பொறுப்பானவர்கள் இல்லை, ஆள் விடவில்லை.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஐஸை மரப்பட்டைத் தூளுக்கும் வைக்கோலுக்கும் நடுவில் புதைத்து கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். செப்டம்பரில் போய்ச் சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிச்சம். மீதி 80 டன்னைக் கடல் குடித்துவிட்டது. அந்த மிச்சத்தைப் பார்த்தே கல்கத்தா வெள்ளைக்காரர்கள் கிறுகிறுத்துப் போனார்கள். ஐஸுக்கு சுங்க வரி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு, கொண்டுவந்த ஏஜெண்டுக்கு வெள்ளிக் கோப்பை ஒன்று பரிசளித்தார். உப்புக்கு வரி போட்டு நாட்டையே அழவைத்த சர்க்கார், ஐஸ் என்றதும் வரியை மறந்துபோனதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

சென்னைக்கு வந்த ஐஸுக்காக 1842-இல் டியூடர் கடற்கரையில் ஒரு கிடங்கு கட்டினார். கல்கத்தா, பம்பாய், சென்னை என மூன்று ஊரில் கட்டியதில் சென்னைக் கிடங்கு ஒன்றுதான் இன்றும் நிற்கிறது. அந்தப் பேட்டைக்கே ஐஸ் ஹவுஸ் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 1874-இல் சென்னையிலேயே இயந்திரம் வைத்து ஐஸ் செய்ய ஒரு கம்பெனி வந்தது. பாஸ்டன் குளத்துக்கு வேலை போயிற்று. கிடங்கை பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி, கெர்னன் என்ற நீதிபதியின் பெயரை வைத்து வீடாக்கினார். 1897-இல் விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸ் குடியிருந்த இடத்தில் அமெரிக்காவை உருகவைத்துவிட்டு வந்தவர் குடியிருந்தார். ஐஸுக்குக் கிடைக்காத மரியாதை அவருக்குக் கிடைத்து, அது இப்போது விவேகானந்தர் இல்லம்.

இயந்திர ஐஸ் வந்ததும்தான் கல்வராயன் மலைக்குக் கீழே இருக்கிற கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்கள் சரித்திரத்துக்குள் நுழைகின்றன. அம்மோனியா கம்ப்ரஸர், ஒரு தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், அதற்குள் தகர அச்சுகள். இவ்வளவுதான் ஐஸ் கம்பெனி. உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது. அதில் முங்கிய அச்சுக்குள் இருக்கிற சர்க்கரைத் தண்ணீர் உறைந்துவிடும். பாதி உறைந்ததும் குச்சியைச் சொருக வேண்டும். முன்னால் சொருகினால் சாயும், பின்னால் போனால் நுழையாது. பால் ஐஸ், கிரேப் ஐஸ், ஜவ்வரிசி ஐஸ், இவற்றுக்கெல்லாம் மேலே ராஜாவாக சேமியா ஐஸ். கல்யாண வீட்டுப் பாயாசத்திலிருந்து வழிதவறி வந்த ஏழெட்டு சேமியா நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் சேமியா போட்டால் கம்பெனி திவால்.

ஐஸ்காரர் விடிந்ததும் சைக்கிள் கேரியரில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். உள்ளே சுற்றிலும் சாக்கு. ரப்பர் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கி, பெட்டி மூடியை இரண்டு தட்டுத் தட்டினால் போதும், தெருவில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு விடை மறந்துவிடும். காசுதான் வேண்டும் என்று அவர் என்றைக்கும் அடம்பிடித்ததில்லை.

'அண்ணே, சேமியா ஐஸ் ஒண்ணு.'

'காசு?'

'புளி எடுத்தாந்திருக்கேன்.'

'கொட்டை எடுத்ததா, எடுக்காததா?'

'எடுக்காதது.'

'அப்ப பால் ஐஸ்தான்.'

ரிசர்வ் வங்கிக்குக் கூட இவ்வளவு தெளிவான மாற்று விகிதம் கிடையாது. காலி பாட்டில், பழைய இரும்பு, ஓட்டைப் பித்தளைச் சொம்பு எல்லாமே செல்லுபடியாகும் நாணயம். அந்தக் காலத்து வீடுகளில் காணாமல் போன கதவுத் தாழ்ப்பாள்களில் பாதி எங்கே போயிற்று என்று ஐஸ்காரருக்குத் தெரியும், சொல்லமாட்டார். காலையில் பள்ளிக்கூட வாசலில் முழு விலை. மதியம் களத்துமேட்டில் கொஞ்சம் குழைந்திருக்கும், பேரம் உண்டு. நாலு மணிக்கு மேல் வடிவம் போய்விடும். அப்போது வாங்குகிறவன் உண்மையான ரசிகன். டியூடர் 80 டன்னைக் கடலுக்குக் கொடுத்தார், இவர் தினமும் பத்துப் பன்னிரண்டு குச்சியைச் சாலைக்குக் கொடுத்தார்.

இதே தள்ளுவண்டி, குச்சி ஐஸ் வகையறாவில் இருந்து கிளம்பியவர்தான் ஆர். ஜி. சந்திரமோகன். சிவகாசிப் பக்கத்துத் திருத்தங்கல்காரர். கணக்கில் தேறாமல் படிப்பை விட்டவர், மரக்கடையில் மாதம் 65 ரூபாய்க்கு இருந்துவிட்டு, 1970-இல் 13,000 ரூபாய் முதலில் ராயபுரத்தில் 250 சதுர அடி இடத்தில் அருண் ஐஸ்கிரீமைத் தொடங்கினார். சென்னையில் தாசபிரகாஷ், குவாலிட்டி, ஜாய் என்று பெரிய தலைகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் மோதாமல், அவர்கள் ஊர் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளாத சின்ன ஊர்களுக்குப் போய், தன் சரக்கு மட்டும் விற்கும் கடைகளைத் திறக்க வைத்தார். கணக்கில் தேறாதவர் போட்ட கணக்குதான் தேறியது. கணக்கு வாத்தியார்கள் அந்தக் கடைகளில்தான் பேரனுக்குக் கோன் வாங்கிக் கொடுத்தார்கள்.

கடை வந்ததும் மரப்பெட்டிக்குப் பதில் ஃப்ரீசர் வந்தது. ஃப்ரீசருக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். மைனஸ் 18-க்குக் கரண்டு வேண்டும். 2012-இல் தமிழ்நாட்டில் கரண்டு எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? சென்னைக்கு வெளியே பகலில் பாதி நேரம் அது சுற்றுப்பயணத்தில் இருந்தது. ஐஸ்கிரீம் என்பது ஏறக்குறைய பாதி காற்று. ஒரு லிட்டர் 525 கிராமுக்குக் குறையக்கூடாது என்று சட்டம் கெஞ்சிக் கேட்கிற அளவுக்குக் காற்று. உருகினால் முதலில் காற்று போகும், டப்பா பாதியாகும். திரும்பக் கரண்டு வந்து உறைந்தால் ஐஸ் துகள் பெரிதாகி, நாக்கில் மணல் நறநறக்கும். அந்த வருஷத்தில் ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்காரர் டீசல் விற்றாரா, ஐஸ்கிரீம் விற்றாரா என்பது அவருக்கே விளங்கவில்லை. மரப்பெட்டியும் சாக்கும் கரண்டைக் கேட்டதில்லை என்று பழைய ஐஸ்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து சிரித்திருப்பார்கள்.

மலைக்கு ஐஸ்கிரீம் வண்டி ஏறியது கடைகளுக்கெல்லாம் பிறகு. 2005-இல் டாடா ஏஸ் வந்ததும், நம் ஜனம் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்ததும், அதன் முதுகில் குளிர்பெட்டி ஏறியதும் தனிக்கதை. பெட்டியின் சுவரில் உப்புக் கரைசல் அடைத்த தகடுகள். ராத்திரி முழுக்கக் கரண்டில் உறைய வைத்தால் பகல் முழுக்கக் குளிரைக் கொடுத்துக்கொண்டே போகும். அக்பர் குடம் சுழற்றிய அதே உப்பு சாஸ்திரத்துக்கு அண்ணன் தம்பி முறை. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு வளைவு வளைவாக ஏறுகிறபோது டிரைவருக்கு இரண்டு கவலை. ஒன்று பிரேக். மற்றொன்று கதவு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்தால் குளிர் வெளியே போகும். பெட்டியின் எதிரி வெயில் இல்லை. 'அண்ணா, என்னென்ன ஃப்ளேவர் இருக்கு?' என்று கதவைத் திறக்கவைத்து, எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு, 'சரி, ஒரு மாங்கோ பார்' என்கிற சுற்றுலாப் பயணிதான்.

இந்தச் சுற்றுலாப் பயணிகளும் விசித்திரப் பிறவிகள். மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் உடம்பு நடுங்க நனைந்து, பல் கிட்டக் கிட்ட வெளியே வந்து, கேட்பது ஐஸ்கிரீம். கீழே கள்ளக்குறிச்சியில் உடம்பு வேகிற வெயிலில் நிற்கிறவர் கேட்பதோ சூடாக ஒரு டீ. இந்த இரண்டு பேரையும் வைத்து எந்தப் பொருளாதார நிபுணராலும் தேவை, அளிப்பு வரைபடம் போட முடியாது. மலைப் பிள்ளைகள் விவரம். இருக்கிற சில்லறையைப் பார்த்து, வண்டியில் ஒட்டியிருக்கிற படத்தை விரலால் தொட்டு, கதவு ஒரே தடவை திறக்கிற மாதிரி வாங்கிப் போய்விடுவார்கள். அவர்கள் தாத்தாக்கள் ஜாகிர்தாருக்கு இறக்கிக் கொடுத்த தேனையும் கடுக்காயையும் இவர்கள் யாருக்கும் இறக்க வேண்டியதில்லை.

ஆனால் வரி என்பது ஜாகிரோடு போய்விட்டது என்று நினைத்தால் அது நம் அப்பாவித்தனம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஐஸ்கிரீமுக்கு 18 சதவீதம். சின்ன வியாபாரிகளுக்கு, விற்பனையில் ஒரு சின்னப் பங்கைக் கட்டிவிட்டுக் கணக்குத் தொல்லையிலிருந்து தப்பிக்க காம்பொசிஷன் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அப்போது அதில் சேரக்கூடாத தயாரிப்பாளர்கள் யார் யார்? புகையிலை தயாரிப்பவர், பான் மசாலா தயாரிப்பவர், ஐஸ்கிரீம் தயாரிப்பவர். சேமியா ஐஸுக்கு எந்த மருத்துவமனையில் எந்த நோய் பதிவானதோ! ஹோட்டலுக்கு 5 சதவீதம் இருக்கிறதே, எங்கள் பார்லரும் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம்தானே என்று கேட்டவர்களுக்கு 2021 அக்டோபரில் சுற்றறிக்கை பதில் சொன்னது: அங்கே சமைக்கிறார்கள், நீங்கள் ஏற்கெனவே செய்ததை எடுத்துக் கொடுக்கிறீர்கள், ஆகவே 18. பெண்டிங்க் பிரபு வெள்ளிக் கோப்பை கொடுத்த சரக்கு இது. ஐஸ்கிரீமை அடுப்பில் வைத்துக் காட்டியிருந்தால் 5 சதவீதம் கிடைத்திருக்குமோ என்னவோ.

ஒருவழியாக 2025 செப்டம்பர் 22 முதல் 18 போய் 5 ஆனது. மறுநாள் காலையிலேயே கள்ளக்குறிச்சி ஜனம் கடை வாசலில் நின்று பழைய ஸ்டாக்கின் விலையைத் தடவித் தடவிப் படித்திருக்கும். வரி குறைந்தது புரட்டாசியில். அடுத்தது ஐப்பசி, அடைமழை, ஃப்ரீசருக்கு ஓய்வு, வண்டிக்கு வட்டி. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் 18 சதவீதம் கட்டி விற்ற மனுஷன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டீ சொல்லிக் குடித்துக்கொண்டிருக்கிறார். டீக்கு 5 சதவீதம்தான், சமைத்தது.