தளை தட்டிய மைசூர்ப் பாகு

தசரா விடுமுறையில் செல்போனே கதியென்று கிடந்த பிள்ளைகளைப் பார்க்கப் பொறுக்காமல், மைசூர் குவெம்புநகர் வீட்டு மொட்டை மாடியில் கவிதை வகுப்பு ஆரம்பித்தேன். கன்னடக் கவிஞர் குவெம்பு முதலில் ஆங்கிலத்தில் எழுதியவர். ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் எடுத்துச் சொன்ன பிறகுதான் கன்னடத்துக்குத் திரும்பினார். என்னைத் தடுக்க எந்த ஐரிஷ்காரரும் வரவில்லை. மாணவர்கள் ஐந்து பேர். கட்டணம் உண்டு: ஆளுக்கொரு துண்டு மைசூர்ப் பாகு, நான் அவர்களுக்குக் கொடுப்பது.

முதல் நாள் ஹைக்கூ. பாரதியார் 1916-லேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். “மூணு வரிதானா அங்கிள்? எங்க சர்வக்ஞர் திரிபதியும் மூணு வரிதான். ஷட்பதின்னா ஆறு” என்றான் எதிர்வீட்டுக் கன்னடப் பையன். ஜப்பான் அன்றோடு முடிந்தது.

மறுநாள் மானத்தைக் காக்க வெண்பா. ‘மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர்’ என்று நான் தாளம் போட, பிள்ளைகள் கோரஸாகக் கத்தினார்கள். மாடியில் ஏதோ ஹோமம் என்று நினைத்துக் கீழ்வீட்டு அம்மா கற்பூரத்தோடு ஏறி வந்துவிட்டார்.

நாள், மலர், காசு, பிறப்பு: இந்த நாலில் ஒன்றில்தான் வெண்பா முடிய வேண்டும், ஈற்றடிக்கு மூன்றே சீர் என்றேன். என் மகள் வாயில் இருந்ததையே எழுதி நீட்டினாள். கடைசி இரண்டு சீர், ‘மைசூர்ப் பாகு’. பாகு, காசு வாய்பாடு, பழுதில்லை. ஆனால் மைசூர் தேமா. மாவுக்குப் பின் நிரை வர வேண்டும். பாகோ நேரில் தொடங்குகிறது.

“தளை தட்டுதும்மா. வெண்பாவுல மைசூர்ப் பாகுக்கு இடமில்லை” என்று தீர்ப்புச் சொல்லி, தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

“மைசூர் இல்ல அங்கிள், மைசூரு” என்றான் அந்தப் பையன்.

கன்னடர் வாயில் என்றைக்கும் அப்படித்தான். 2014 நவம்பர் 1 முதல் அரசாங்கத்துக்கும் அப்படித்தான். விரல் மடக்கினேன். மை, சூ, ரு: நேர் நேர் நேர், தேமாங்காய். காய் முன் நேர். அசல் வெண்டளை! பெயரை மாற்றிய அதிகாரிகளில் எவரோ யாப்பு படித்திருக்க வேண்டும்.

தட்டு நடுவுக்குத் திரும்பியது. பையன் ஒரு துண்டு எடுத்தான், இன்னொன்று எடுத்தான். நான் முறைத்தேன்.

“ஈற்றடிக்கு மூணு சீர்னு நீங்கதானே சொன்னீங்க, அங்கிள்?” என்று கடைசித் துண்டையும் எடுத்துக்கொண்டான்.