கட்டுச்சோறும் கல்வெட்டும்

சிக்கனச் சரித்திரச் சுற்றுலா என்பது, ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஒன்பது பேர் ஏறி, நுழைவுக் கட்டணம் இல்லாத புராதன இடங்களை இரண்டே நாளில் பார்த்துவிட்டு வீடு திரும்புவது. வண்டி பெரும்பாலும் மைத்துனருடையது. வாடகை கிடையாது, ஆனால் வண்டியோடு மைத்துனரும் அவர் மனைவியும் வருவார்கள். ஏழு ஒன்பதானது இப்படித்தான்.

சென்னையிலிருந்து புறப்படும் குடும்பத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது மாமல்லபுரம். அங்கே ஆளுக்கு 40 ரூபாய் டிக்கெட். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம் என்பதால், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய, மீசை அரும்பிய மகன் டிக்கெட் கவுண்டர் வரும்போது மட்டும் எட்டாம் வகுப்புக்கு இறக்கப்படுகிறான். ஓட்டலில் பரோட்டா வரும்போது அவனுடைய உண்மையான வகுப்பு திரும்பிவிடும். இந்தச் சங்கடம் இல்லாத இடம் எது என்று தேடினால் கிடைப்பவை சோழர் கோயில்கள் மூன்று: தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சைக் கோயில் 1987-இல் உலக மரபுச் சின்னமானது. மற்ற இரண்டும் 2004-இல் அதனுடன் சேர்ந்தன. மூன்றிலும் இன்றும் வழிபாடு நடப்பதால் டிக்கெட் இல்லை. உலக மரபுப் பட்டியலில் குடும்பத் தலைவரைக் கவர்ந்த அம்சம் இதுதான்.

பயணம் விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்குவதாக ஏற்பாடு, ஐந்தரைக்குத் தொடங்கும். தாமதத்துக்குக் காரணம் கட்டுச்சோறு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி காலைக்கு, புளியோதரை மதியத்துக்கு, அது மிஞ்சினால் இரவுக்கு, அப்போதும் மிஞ்சினால் மறுநாளுக்கு. புளியோதரை இரண்டாம் நாளில்தான் ருசிக்கும் என்ற கருத்து, இரண்டாம் நாள் ஓட்டல் செலவை மனத்தில் வைத்து யாரோ கிளப்பிவிட்டதாக இருக்கலாம். ஆனால் அது உண்மையும்கூட. தயிர்சாதத்துக்கு இந்தப் பெருமை கிடையாது. அதை மதியத்துக்குள் முடித்தாக வேண்டும். வாந்தி வரும் பிள்ளை முகர்வதற்கு ஓர் எலுமிச்சம்பழம் தனியாக வரும். மறுநாள் அதையே பிழிந்து ஜூஸ் போடுவதும் உண்டு.

பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று சுங்கச்சாவடிகள் ஒவ்வொன்றாக வரும்போது ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் கழிந்த குறுஞ்செய்தி மைத்துனரின் கைப்பேசியில் 'டிங்' என்று ஒலிக்கும். மைத்துனர் அதைச் சத்தமாகப் படிப்பார். குடும்பத் தலைவர் அந்நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி வயல்களைப் பார்ப்பார். அடுத்த டோல்கேட்டைத் தவிர்க்க ஊருக்குள் புகுந்து சுற்றிப்போவதும் நடக்கும். சுங்கம் மிச்சம், டீசல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

இப்படிச் சுற்றிக்கொண்டு தஞ்சாவூர் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டி, சன்னதி நடை சார்த்தியிருக்கும். திறக்க நான்கு மணி ஆகும். செருப்பு வைக்கக் காசு கேட்பார்களோ என்ற முன்னெச்சரிக்கையால் எல்லோரும் வண்டியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருப்பார்கள். வண்டியோ, நிறுத்தக் கட்டணம் இல்லாத ஒரு வேப்பமரத்தடியில், அரைக் கிலோமீட்டர் தள்ளி. சித்திரை வெயிலில் காய்ந்த தார்ச்சாலையிலும் கருங்கல் தளத்திலும் ஒன்பது பேர் நடப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ கிராமியக் கலைநிகழ்ச்சி என்றே தோன்றும்.

வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது இந்த வகைச் சுற்றுலாவின் இலக்கணத்துக்கு விரோதம். பணம் கொடுத்த வேறொரு குடும்பத்துக்கு ஆறடி பின்னால், தூணைப் பார்ப்பதுபோல் நின்று காதைத் தீட்டிக்கொள்வதே முறை. இதில் ஒரு குறை: கேட்பது தவறாக இருந்தாலும் மறுத்துப் பேச உரிமை இல்லை. 216 அடி விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதே நிழலில் உட்கார்ந்து பாட்டி காலைத் தடவிக்கொண்டிருப்பார். நிழல் விழத்தான் செய்கிறது. விழாது என்ற கதை எப்படியோ விழாமல் நிற்கிறது.

குடும்பத் தலைவரின் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. 'டீ 9, தண்ணீர் பாட்டில் 2, சின்னவளுக்குப் பலூன் (வேண்டாம் என்று சொல்லியும்)' என்று எல்லாம் அதில் ஏறும். வீட்டில் இதற்குக் கிண்டல் உண்டு. தஞ்சையில் அவருக்கு ஒரு பெரிய சாட்சி கிடைக்கிறது. ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்தான். அதன் செம்பு 3083 பலம், அதன்மேல் போர்த்த பொன் 2926½ கழஞ்சு என்று கல்வெட்டு சொல்கிறது. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற பெயரில் தனி எடைக்கல்லே இருந்தது. அணையா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்ற கணக்கும் சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பேரரசனே அரைக் கழஞ்சை விடாமல் எழுதிவைத்திருக்கிறான்; அதுவும் அழிக்க முடியாதபடி கல்லில். பலூன் கணக்கு நோட்டில் இருப்பதில் என்ன தப்பு என்று கேட்டால், மனைவியிடம் பதில் இல்லை. "அவன் கணக்கும் எழுதினான், கோயிலும் கட்டினான்" என்று மைத்துனர் மட்டும் முணுமுணுப்பார்.

இரவுத் தங்கல் கும்பகோணத்தில், சித்தப்பா வீட்டில். லாட்ஜ் செலவு மிச்சம் என்பதே திட்டம். போகும்போது இரண்டு கிலோ ஆப்பிள், ஒரு கிலோ இனிப்பு, பூ; புறப்படும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவர் கையில் ஆளுக்கு இருநூறு. இரண்டு அறை எடுத்திருந்தால் இதைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும். மேலும் லாட்ஜ் மேனேஜர், "ஏன்டா, பெரியவனுக்கு இன்னும் வேலை கிடைக்கலையா?" என்று கேட்க மாட்டார். இந்தச் செலவு நோட்டில் 'இதர' என்ற தலைப்பில் போகும்.

தாராசுரம் பக்கத்திலேயே இருக்கிறது, நான்கு கிலோமீட்டர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. தட்டினால் இசைக்கும் படிகள் இங்கே உண்டு. தட்டியவர்கள் அதிகமாகிவிட்டதால் கம்பிக்குள் இருக்கின்றன. அறுபத்து மூன்று நாயன்மார் கதைகளைச் சாண் அளவுச் சிற்பங்களாகச் செதுக்கிய வரிசையைப் பாட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவசரப்படாமல் இந்தச் சுற்றுலாவை அனுபவிப்பவர் அவர் ஒருவர்தான். குடும்பத் தலைவர் நிற்பது வேறொரு சிற்பத்தின் முன். யானையும் காளையும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்க உடலை மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. உலகம் இதைச் சிற்பியின் கற்பனை என்கிறது. "ஒரு தலை மிச்சம் பண்ணியிருக்கான் பாருங்க" என்பது குடும்பத் தலைவரின் கலை விமர்சனம். மோசமான விமர்சனம் என்று சொல்லிவிட முடியாது.

திரும்பும் வழியில் அணைக்கரை வரும். கொள்ளிடத்தின் குறுக்கே நீளும் கீழணைக்கு அருகே வண்டியை நிறுத்தி, காற்று வாங்கியபடி மிச்சமிருந்த புளியோதரை முடிக்கப்படும். அங்கிருந்து சிறிது தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை அனுப்பிய ராஜேந்திரன் உண்டாக்கிய தலைநகர். கோயில் விமானம் தஞ்சையைவிட உயரம் குறைவு. அப்பாவின் கோயிலை மிஞ்சக் கூடாது என்று மகன் தாழ்த்திக் கட்டினான் என ஒரு பேச்சு உண்டு. இதைக் கேட்டதும் தாத்தா தன் மகனை ஒரு பார்வை பார்ப்பார். மகன் தன் மகனைப் பார்ப்பார். அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இவ்வளவு பெரிய கோயிலுக்குச் சுற்றுமதில் ஏன் முழுசாக இல்லை என்று சின்னவள் கேட்பாள். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தாவுக்கு விடை தெரியும். 1836-இல் கீழணை கட்டியபோது, மலையிலிருந்து கல் உடைத்துக் கொண்டுவரும் செலவைப் பார்த்தார்களோ என்னவோ, பக்கத்தில் தயாராக இருந்த கோயில் மதிலைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் புளியோதரை சாப்பிட்ட இடத்தில்தான் ராஜேந்திரனின் மதில் இருக்கிறது. சிக்கனம் என்ற சொல்லைக் குடும்பத் தலைவர் அதன்பிறகு சற்று நேரம் உச்சரிப்பதில்லை.

நள்ளிரவில் வீடு. வண்டியில் டீசல் நிரப்பிக் கொடுத்து, நோட்டில் கடைசி வரியைக் கூட்டினால், போட்ட திட்டத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. சமையலறையில் குழாயைத் திறந்து புளியோதரைத் தூக்கு கழுவப்படுகிறது. கீழணையில் தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணத்து நீர் 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது.