மூப்பன் எழுதின கடுதாசி

வாடா அப்புனு, இப்படி உக்காரு. மொதல்ல அந்த லேப்டாப்பை மூடி வெய்யி. கொடுமுடிப் படித்துறையில இதைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்தீன்னா, பரிகாரம் பண்ண வந்த சனம் ரசீது போடற ஆளுன்னு நெனைச்சு உன்ர முன்னால வரிசை கட்டிரும்.

யோவானோட மூணாம் நிருபத்துக்கு உரை எழுதறயாமா, உங்கம்மா போன்ல சொன்னா. அரசரடி இறையியல் கல்லூரிக்குப் படிக்க அனுப்புனது வீண் போகலை. நானும் அந்தக் கடுதாசியைப் படிச்சுப் பார்த்தேன். வெத்தலை போட்டுத் துப்பறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. கிரேக்கத்துல வார்த்தைக் கணக்குப் பார்த்தா புதிய ஏற்பாட்டுலயே அதுதான் சின்னதாமா. அதுக்கு நீ முந்நூறு பக்கம்! குத்தம் சொல்லலை கண்ணு. நம்ம பெருமாள் கோயில்காரங்களும் திருவாய்மொழிக்கு உரை எழுதறப்ப 6000 படியில ஆரம்பிச்சு 36000 படி வரைக்கும் போனவங்கதான். ஆனா அவங்க கையில 1102 பாசுரம் இருந்துச்சு. உனக்கு இருக்கறது ஒத்தை அதிகாரம். பார்த்துச் செலவு பண்ணு.

எழுதுனது யாருன்னு உன்ர மொத அத்தியாயம் பூராவும் ரோசனை பண்ணியிருக்கறே. அந்தாளு பேரே போடலை, மூப்பன்னு மட்டும் போட்டுட்டான். யோவான் ரெண்டு பேர் இருந்த மாதிரி பப்பியாஸ்னு ஒரு பழைய பிஷப்பு எதையோ எழுதி வெச்சுட்டுப் போக, 4ஆம் நூற்றாண்டுல சபைச் சரித்திரம் எழுதுன யூசேபியஸ் அதைப் புடிச்சுக்க, இன்னைக்கு வரைக்கும் ஓரியாட்டம் ஓயலை. என்னையக் கேட்டிருந்தாச் சித்தெ நேரத்துல சொல்லியிருப்பேன். வயசானவன் கடுதாசியில பேர் போட மாட்டான். ஊருக்கே தன்னையத் தெரியும்னு ஒரு நெனப்பு. இதை அடிக்குறிப்புல போட்டுக்க, கொடுமுடி மூப்பன் கூற்றுன்னு.

அப்பறம் தியோத்திரேப்பு. சபையில தானே மொத ஆளா நிக்கோணும்னு ஆசைப்பட்டவன். வெளியூர்ல இருந்து வந்த ஊழியக்காரங்களுக்குத் திண்ணை குடுக்கலை, குடுத்தவங்களையும் சபையை உட்டுத் தள்ளுனான். நம்மூர்ல அப்படி ஆரு இருக்கறாங்கன்னு சத்தமாக் கேக்காதே, தர்மகர்த்தா அந்தத் தூணுக்கு அக்கட்டாலதான் நிக்கறாரு. இவனைப் பத்தி ஜெர்மன்காரங்க பண்ணுன பஞ்சாயத்துதான் எனக்கு நெம்பப் புடிச்சது. ஒத்தை பிஷப்பு கையில அதிகாரம் வந்த காலத்துக்கு இவன்தான் மொத அடையாளம்னு 1897-ல ஹார்னாக் சொன்னாரு. 1951-ல கேசமன் வந்து வழக்கையே தலைகீழாத் திருப்பிப்போட்டாரு. தியோத்திரேப்பு மொறையான ஆளு, தள்ளிவெச்சது மூப்பனைத்தான்னு. எதிர்த்தரப்பு எழுதுனது ஒரு துண்டுக் காயிதம் கூட இல்லை. அதெல்லாம் கேக்கப்படாது, உனக்கும் பட்டம் வேணுமில்ல.

பக்திமான்க மட்டும் லேசுப்பட்டவங்களா? ரெண்டாம் வசனத்துல, ஒடம்பு சொகமா நல்லா இருக்கோணும்னு, கடுதாசி வாங்குன காயுவுக்கு ஒரு வரி எழுதியிருக்குது. அந்தக் காலத்துக் கிரேக்கக் கடுதாசியில சொகம் கேக்கறது வாடிக்கை. நாம 'நலம், நலமறிய ஆவல்'னு போடறோமே, அதேதான். அமெரிக்காவுல ஓரல் ராபர்ட்ஸ்ங்கற பிரசங்கியார் 1947-ல இந்த வரியைப் புடிச்சாரு. அதுக்கப்பறம் காரு, பங்களா, பேங்க் கணக்கு எல்லாம் அதுக்குள்ள இருந்து வர ஆரம்பிச்சுது. நானும் ஐம்பது வருசமா இன்லேண்டு லெட்டர்ல நலமறிய ஆவல்னு எழுதுனவன். ஒருத்தனுக்கும் ஒரு மொபெட் கூட வரலை.

ஆராய்ச்சி, பக்தின்னு ரெண்டு பக்கமும் கால் வெச்சு நின்ன ஒருத்தர் கோயமுத்தூர்லயே இருந்தாரு. ஏ. ஜே. அப்பாசாமி, பாளையங்கோட்டைக்காரர். ஆக்ஸ்ஃபோர்டுல ஆராய்ச்சி பண்ணிப்போட்டு வந்து, யோவான் எழுத்தையெல்லாம் பக்தி மார்க்கமாப் படிச்சு 1927-ல புத்தகம் போட்டாரு. ராமானுசரைத் தொணைக்குக் கூப்புட்டுக்கிட்டாரு. மூணு சாமியை ஒரே மதிலுக்குள்ள வெச்சுக் கும்புடற ஊர்க்காரனுக்கு அதுல ஒண்ணும் அதிசயமில்லை. அவரை மறுக்காப் படி. 1950-ல இருந்து 59 வரைக்கும் கோயமுத்தூர் சி.எஸ்.ஐ. பிஷப்பா இருந்தவரு. தியோத்திரேப்பு எப்படி இருப்பான்னு ஜெர்மன்ல இருந்து ஆளு வந்து அவருக்குச் சொல்லியிருக்க வேண்டாம்.

மொகத்தைத் தொங்கப்போடாதே. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவங்க வெச்சிருந்த பெஷித்தாங்கற சிரியாக் பைபிள்ல இந்தக் கடுதாசியே கெடையாது. 1599-ல உதயம்பேரூர்ல சபைச் சங்கம் கூடித்தான் சேத்தச் சொன்னாங்க. கடுதாசியே இல்லாமப் பல நூறு வருசம் கோயிலுக்குப் போன சனம். உன்ர உரை ஆறு மாசம் தாமசமானா ஒண்ணும் முழுகிப் போகாது.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. கடைசியில அந்த மூப்பன், சொல்றதுக்கு நெறைய இருக்குது, மையும் பேனாவும் வெச்சு எழுத இஷ்டமில்லை, நேர்ல வந்து பேசிக்கறேன்னு முடிச்சுட்டான். போனானா, தியோத்திரேப்பு கதவைத் தொறந்தானா, ஆருக்கும் தெரியாது. அந்த எடத்துல நீ நாப்பது பக்கம் எழுதி வெச்சிருக்கறே பாரு, அதைக் கிழிச்சுப்போடு. உன்ர வாத்தியார் கேட்டா அப்புச்சி கிழிக்கச் சொன்னாருன்னு சொல்லு.